நிஸான் மேக்னைட்: டர்போவா, சாதா இன்ஜினா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நிஸானின் சிறிய எஸ்யூவியான மேக்னைட்டை, டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத சாதா பெட்ரோல் இன்ஜினோடு வாங்குவதென்றால் கீழ் வேரியன்ட்டில் வாங்குங்கள். அந்த விலைக்கு அது நல்ல வண்டி. ஆனால் சாதா இன்ஜினின் டாப் வேரியன்ட்டுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறதென்றால், அதை அப்படியே விட்டுவிட்டு நடு வேரியன்ட் டர்போ மேனுவலை எடுங்கள். இந்த வண்டியில் பலரும் இடறும் இடம் இதுதான்.

2024 அக்டோபரில் வந்த புதிய மேக்னைட்டின் அறிமுக விலையைப் பார்த்தால் புரியும். சாதா இன்ஜினின் டாப் வேரியன்ட் டெக்னா பிளஸ் 9.10 லட்சம், டர்போ மேனுவலின் நடு வேரியன்ட் என்-கனெக்டா 9.19 லட்சம். எக்ஸ்-ஷோரூம் விலையில் (சாலை வரி, இன்ஷூரன்ஸ் சேராதது) வித்தியாசம் வெறும் ஒன்பதாயிரம். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபோது இரண்டின் விலையும் இறங்கியது. இரண்டுமே 999 சிசி, 4 மீட்டருக்குள் என்பதால் ஒரே வரி வரம்பு. ஆகவே கணக்கின் போக்கு மாறவில்லை. டெக்னா பிளஸ்ஸில் கூடுதலாகக் கிடைப்பது எல்இடி ஹெட்லைட், 360 டிகிரி கேமரா, குரூஸ் கன்ட்ரோல் போன்றவை. ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி, சரிவில் பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட் எல்லாம் கீழ் வேரியன்ட்டிலிருந்தே உண்டு, அதனால் கீழே இறங்கினால் பாதுகாப்பு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். 72 பிஎஸ் (குதிரைத்திறன்) இன்ஜினுக்கு குரூஸ் கன்ட்ரோல் கொடுத்திருப்பது எதற்கென்று நிஸானுக்குத்தான் வெளிச்சம். பாலம் ஏறும்போதெல்லாம் வேகத்தைப் பிடித்து வைக்க அது திணறும்.

ஒரே வேரியன்ட்டில் சாதாவுக்கும் டர்போவுக்கும் உள்ள இடைவெளி அறிமுக விலையில் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம். அந்தப் பணம் எங்கே போகிறது?

ஒரகடம் ஆலையில் தயாராகும் இந்த வண்டிக்கு இரண்டு இன்ஜின்கள். இரண்டும் மூன்று சிலிண்டர், இரண்டும் ஒரு லிட்டர். ஆனால் ஒரே இன்ஜினில் டர்போவை மாட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சாதா வண்டியில் இருப்பது பி4டி: 6250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) 72 பிஎஸ், 3500-இல் 96 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). டர்போவில் இருப்பது எச்ஆர்ஏ0 என்ற தனி இன்ஜின்: 5000 ஆர்பிஎம்மில் 100 பிஎஸ், மேனுவலில் 2800 முதல் 3600 வரை 160 நியூட்டன் மீட்டர். சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுடன் வந்தால் டார்க் 152 ஆகக் குறையும், ஆனால் அது 2200-லேயே தொடங்கி 4400 வரை நிற்கும். சிலிண்டர் சுவரில் ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் காரில் உள்ள கோட்டிங் இருக்கிறது என்று சேல்ஸ்மேன் சொல்வார். உண்மைதான். அதற்காக இது ஜிடி-ஆர் ஆகிவிடாது.

72-க்கும் 100-க்கும் 28 பிஎஸ்தானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த உச்ச எண்களை யாரும் அன்றாடம் தொடுவதில்லை. நாம் ஓட்டுவது 2000-க்கும் 3000-க்கும் நடுவில். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் அந்த வேகத்தில் இன்ஜின் தரும் பிஎஸ் கிடைக்கும். 2800 ஆர்பிஎம்மில் டர்போ தருவது சுமார் 64 பிஎஸ். சாதா இன்ஜின் அதே இடத்தில் ஏறக்குறைய 37. இன்னொரு விதமாகப் பாருங்கள்: டர்போ சிவிடி 2200-இல் தரும் சக்தியை எட்ட, சாதா இன்ஜினை 3500 வரை விரட்ட வேண்டும். சாதா மேக்னைட்டை நெடுஞ்சாலையில் ஓட்டும்போது இன்ஜின் சத்தம் கேபினுக்குள் ஏன் இவ்வளவு கேட்கிறது என்பதற்கு இதுவே பாதிப் பதில்.

ஏசியைப் போட்டால் கணக்கு இன்னும் இறுகும். கம்ப்ரஸர் ஓட 3, 4 குதிரைத்திறன் வேண்டும். 2000 ஆர்பிஎம்மில் சாதா இன்ஜினிடம் இருப்பதே கிட்டத்தட்ட 24 பிஎஸ்தான். அதில் ஏழில் ஒரு பங்கு ஏசிக்கே போய்விட்டால், மே மாத வெயிலில் நான்கு பேரை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது இரண்டாம் கியருக்கு இறங்காமல் வழியில்லை. வண்டியில் பழுது என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் உண்டு. பழுதெல்லாம் ஒன்றுமில்லை, இன்ஜினின் அளவே அவ்வளவுதான்.

மலைப் பாதையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதா இன்ஜின் சுற்றியுள்ள காற்றைத்தான் இழுத்துக்கொள்ள முடியும் என்பதால் அதன் சக்தியும் அதே விகிதத்தில் விழும். 72 பிஎஸ் என்பது 58-ஐ ஒட்டி வந்துவிடும். டர்போ மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுவதால் இழப்பு மிகக் குறைவு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உயரம் அவ்வளவு பிரச்சினை இல்லை, வளைவின் செங்குத்துதான் பிரச்சினை. குடும்பத்தோடு, பெட்டிகளோடு சாதா மேக்னைட் அங்கே முதல் கியரில்தான் திரும்பும். ஏறிவிடும், சந்தேகமில்லை. ஆனால் பாதிக் கிளட்ச்சில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் கிளட்ச் கருகும் வாசனையை அறிந்துவிடுவார்கள்.

டர்போ மேனுவலுக்கும் இங்கே ஒரு பலவீனம் உண்டு. 1800 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போவின் சக்கரமான டர்பைன் போதுமான வேகத்தில் சுழலாது. அந்த நேரத்தில் இது சாதா இன்ஜினைவிட மந்தமாகக்கூடத் தோன்றும். இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து ஆர்பிஎம் விழுந்துவிட்டால், ஆக்சிலரேட்டரை மிதித்தும் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று தள்ளும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து 2000-க்கு மேல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. சென்னை, கோவை போன்ற ஊர்களில் முட்டி மோதி நகரும் டிராஃபிக்கில் மட்டும் ஓட்டுபவருக்கு இதனால்தான் டர்போ மேனுவலை அடித்துச் சொல்ல முடியவில்லை. முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்துபோகும்போது சாதா இன்ஜின் ஒழுங்காக, எதிர்பார்த்தபடி நகர்கிறது. டர்போவுக்குக் கொடுத்த பணம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டின் இருவழிச் சாலைகளில் கதை வேறு. லாரிக்குப் பின்னால் 60 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்து, எதிரே இடைவெளி பார்த்து முந்த வேண்டும். டர்போவில் மூன்றாம் கியருக்கு இறக்கினால் போதும். சாதாவில் மூன்றாம் கியரில் மிதித்துக் காத்திருக்க வேண்டும், வண்டி நிறைய ஆள் இருந்தால் அந்த இடைவெளியை விட்டுவிட வேண்டும். வாரம் ஒருமுறையாவது இப்படிப்பட்ட சாலையில் ஊருக்குப் போய்வருபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே டர்போ எடுக்கலாம்.

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் தேர்வு சட்டென்று எளிதாகிவிடும். சாதாவில் கிடைப்பது ஏஎம்டி, டர்போவில் சிவிடி. ஏஎம்டியில் கிளட்ச்சை உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. கியர் மாறும்போது ஒரு தலையாட்டல் வரும், சக்தி குறைந்த இன்ஜினோடு சேரும்போது அது இன்னும் தெரியும். சிவிடியில் கியர் மாறுவதே தெரியாது. முழுதாக மிதித்தால் மட்டும் ஆர்பிஎம் மேலே போய் நின்றுகொண்டு சத்தம் போடும், வேகம் பிறகு வந்து சேரும். பாதி மிதியில் ஓட்டினால் நகரத்துக்கு இந்த வரிசையிலேயே இதுதான் சிறந்த வண்டி. சரிவில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரால் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும்.

மைலேஜுக்கு வருவோம். டர்போ மேனுவலின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் அளவு. சாதா மேனுவலுக்கு 19-க்குச் சற்று மேல். சிவிடிக்கு 17, 18. ஆம், காகிதத்தில் டர்போதான் மேலே. சாலையில் அப்படி எதிர்பார்க்க வேண்டாம், டர்போவை மிதித்து ஓட்டும் ஆசை யாரையும் விடாது. ஒரு பேச்சுக்கு சாதாவுக்கு 15, டர்போவுக்கு 14 என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டருக்கு 57 லிட்டர் கூடுதல் செலவாகும். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் 5,800 ரூபாய்க்குள். மாதம் ஐந்நூறுக்கும் குறைவு. அதற்காக இன்ஜினைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை. உண்மையான செலவு முன்பணத்திலும் தவணையிலும் இருக்கிறது: ஒன்றேகால் லட்சத்தைக் கடனில் சேர்த்தால், 9.5 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு மாதம் சுமார் 2,625 ரூபாய்.

சாலை வரியைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.95 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி ஏறக்குறைய 1.29 லட்சம், 10.05 லட்சத்துக்கு 1.81 லட்சம். பத்தாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு வரியில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் போகிறது! டர்போ சிவிடியின் மேல் வேரியன்ட்டுகள் இந்தக் கோட்டை ஒட்டியே நிற்பவை. புக் செய்யும் நாளின் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்; கோட்டைத் தாண்டினால் ஒரு வேரியன்ட் கீழே இறங்குவதே புத்திசாலித்தனம். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் இரண்டுக்கும் ஒன்றே, இரண்டும் 1000 சிசிக்குள் என்பதால்.

சிஎன்ஜி ஆசை இருந்தால் டர்போவை மறந்துவிடுங்கள். நிறுவனம் அங்கீகரித்து டீலரிடம் பொருத்தித் தரும் கிட் சாதா இன்ஜினுக்கு மட்டும்தான், அதற்கு 70 ஆயிரத்துக்கு மேல் ஆகும். ஏற்கெனவே மெல்லிய இழுவை கேஸில் இன்னும் குறையும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பராமரிப்பில் டர்போவைப் பற்றிய பயம் பெரும்பாலும் பழைய டீசல் காலத்து மிச்சம். ஆனால் ஆயில் விஷயத்தில் சலுகை கிடையாது. டர்பைன் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், அதன் தண்டைத் தாங்குவது ஆயில் படலம் மட்டுமே. கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு சிந்தெடிக் ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். ஜாப் கார்டில் கிரேடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துபவர்கள், புழுதிச் சாலையில் ஓட்டுபவர்கள், ஆயில் மாற்றும் தேதியை முன்னே கொண்டுவர வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் மிதிக்காமல் இருங்கள். மலை ஏறி முடித்ததும் அல்லது நெடுஞ்சாலையில் விரட்டி வந்து டீக்கடையில் நிறுத்தும்போது, ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். சட்டென்று அணைத்தால் ஓட்டம் நின்ற ஆயில் அந்தச் சூட்டில் கருகி, நாளடைவில் ஆயில் போகும் வழியை அடைக்கும். டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்தாலும் இழுவை போய்விடும், கூடவே காற்று சீறும் சத்தம் கேட்கும். இதற்கு டர்போவையே மாற்றச் சொன்னால் முதலில் ஹோஸைக் காட்டச் சொல்லுங்கள்.

டெஸ்ட் டிரைவில் தனியாகப் போகாதீர்கள். மொத்தம் நான்கு பேர் ஏறி, ஏசியைப் போட்டுக்கொண்டு இரண்டு வண்டியையும் ஒரே பாதையில் ஓட்டுங்கள். மேம்பாலச் சரிவில் மூன்றாம் கியரில் 40 கிலோமீட்டரில் ஏறிப் பாருங்கள். மால் பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வரும் சரிவில் பாதியில் நிறுத்தி மீண்டும் எடுங்கள். சாதா வண்டி இந்த இரண்டிலும் உங்களுக்குப் போதுமென்று தோன்றினால், ஒன்றேகால் லட்சம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

இதே இரண்டு இன்ஜின்கள் ரெனோ கைகரிலும் உண்டு, இங்கே சொன்னது அதற்கும் பெரும்பாலும் பொருந்தும். மாருதி ஃபிராங்க்ஸுக்குப் பொருந்தாது. அதன் டர்போ இல்லாத 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினே 90 பிஎஸ்ஸை ஒட்டித் தருகிறது. 1 லிட்டர் டர்போவின் 100-க்கும் அதற்கும் இடைவெளி சிறிது. அங்கே சாதா இன்ஜினை எடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

செகண்ட்ஹேண்டில் டர்போ மேக்னைட் பார்ப்பவர்கள் ஆயில் மாற்றிய பில்களை வரிசையாகக் கேளுங்கள். பில் இல்லாத வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து சைலன்ஸரில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள், பிறகு மூன்றாம் கியரில் 1500-லிருந்து முழுதாக மிதித்து 2000-க்கு மேல் தள்ளல் வருகிறதா என்று சோதியுங்கள். பெட்ரோல் மூடியில் 20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றது என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஆரம்பகால டர்போ வண்டிகளில் அது இருக்காது.