சுவரா, சித்திரமா: பெங்கால்ஸ் அணியின் 2021 தேர்வு

அமெரிக்கக் கால்பந்தில் சின்சினாட்டி பெங்கால்ஸ் ரசிகர்களிடம் 2021 டிராஃப்டைப் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும்: பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் ஜமார் சேஸ், பந்தை எறியும் குவாட்டர்பேக்கை முன்வரிசையின் விளிம்பில் நின்று காக்கும் டேக்கிள் பெனே சூவெல். அணி சேஸை எடுத்தது. அது சரியா என்ற வாதத்தில் இரு தரப்பும் கேள்வியையே சற்றுத் தவறாகப் போட்டுக்கொண்டன என்பது என் கருத்து.

2020 டிராஃப்டின் முதல் தேர்வாக வந்த குவாட்டர்பேக் ஜோ பர்ரோ, அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் தசைநார்கள் கிழிந்து வெளியேறினார். 4 வெற்றி, 11 தோல்வி, 1 சமநிலை என்று பருவத்தை முடித்த அணிக்கு ஐந்தாவது தேர்வு கிடைத்தது. முதல் மூன்று அணிகளும் குவாட்டர்பேக்குகளை எடுத்துவிட, நான்காவதாக அட்லாண்டா கைல் பிட்ஸை எடுத்தது. ஆகவே சேஸ், சூவெல் இருவருமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

சூவெலுக்காக வாதாடியவர்களின் தர்க்கம் எளிமையானது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். பல கோடி டாலர் எதிர்காலத்தை ஒரு மனிதனின் முழங்காலில் ஏற்றிவைத்துவிட்டு, அதன் முன்னே ஓட்டை வேலியைக் கட்டுவது மடமை என்றார்கள். ஒரேகான் பல்கலைக்கழகத்தில் இடப்பக்க டேக்கிளாக ஆடிய சூவெல், கல்லூரி அளவில் சிறந்த முன்வரிசை வீரருக்கான அவுட்லேண்ட் விருதை 2019 இல் வென்றவர். மேலும், பெங்கால்ஸிடம் டீ ஹிக்கின்ஸ், டைலர் பாய்ட் என இரண்டு நல்ல ரிசீவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஏ.ஜே. கிரீன் அரிசோனாவுக்குப் போய்விட்டாலும், பசி அந்தப் பக்கம் அவ்வளவு கடுமையாக இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சேஸின் தரப்புக்கு வலுவான சாட்சி பர்ரோவேதான். இருவரும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் ஒன்றாக ஆடிய 2019 பருவத்தில் அந்த அணி பதினைந்து ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. சேஸ் 84 முறை பந்தைப் பிடித்து 1,780 யார்டுகளும் 20 டச் டவுன்களும் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எடுத்தார். 2020 இல் அவர் பெருந்தொற்றால் ஆடாமல் விலகியிருந்ததைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். சூவெலும் அப்படியே விலகியிருந்தார் என்பதால் அது எந்தத் தட்டையும் தாழ்த்தவில்லை.

இந்தத் தராசில் பலர் வைக்க மறந்த எடைக்கல், மார்ச் மாதத்திலேயே நடந்துவிட்ட ஒப்பந்தங்கள். மின்னசோட்டாவிலிருந்து வந்த ரைலி ரீஃப் ஓராண்டுக்கு 7.5 மில்லியன் டாலருக்குக் கையெழுத்திட்டபோதே வலப்பக்க டேக்கிள் நாற்காலி தற்காலிகமாகவேனும் நிரம்பிவிட்டது; இடப்பக்கம் 2019 இன் முதல் சுற்றுத் தேர்வான ஜோனா வில்லியம்ஸ் இருந்தார்.

பருவம் தொடங்கியதும் இரு தரப்பும் ஒரே நேரத்தில் சரியென்று நிரூபணமானதுதான் வேடிக்கை. சேஸ் 1,455 யார்டுகளும் 13 டச் டவுன்களும் எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரரானார். 2022 ஜனவரி 2 அன்று கான்சஸ் சிட்டிக்கு எதிராக மட்டும் 266 யார்டுகள். மறுபுறம், பர்ரோ வழக்கமான பருவத்தில் 51 முறை, பட்டத்துக்கான பிளேஆஃப் ஆட்டங்களில் இன்னும் 19 முறை பந்துடன் தரையில் வீழ்த்தப்பட்டார். டென்னசிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் ஒன்பது முறை விழுந்தும் அணி வென்றது.

அந்தப் பருவத்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுலில் பெங்கால்ஸின் கடைசி ஆட்டநகர்வைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20. நான்காவதும் கடைசியுமான முயற்சி, தேவை ஒரே யார்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். இடப்பக்க ஓரத்தில் ராம்ஸின் ஜேலன் ராம்சி தடுமாறி விழ, சேஸ் யாருமற்ற வெளியில் ஓடிக்கொண்டிருக்கிறார். பர்ரோ சேஸைப் பார்ப்பதற்குள் ராம்ஸின் ஏரன் டொனால்டு பர்ரோவைப் பிடித்துச் சுழற்றிவிட, பந்து ஆளில்லாத இடத்தில் போய் விழுகிறது. சூவெல் தரப்பினருக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது என்று தோன்றும். ஆனால் டொனால்டு உடைத்துக்கொண்டு வந்த இடம் எது என்று பாருங்கள். டேக்கிள் நின்ற விளிம்பு அல்ல. உள்ளே, டேக்கிளுக்கு உட்பக்கம் நிற்கும் இடப்பக்க கார்டு குவின்டன் ஸ்பெயினின் இடம். டென்னசி ஆட்டத்தில் மூன்று முறை பர்ரோவை வீழ்த்திய ஜெஃப்ரி சிம்மன்ஸும் நடுவில் நின்று ஆடுபவரே. சூவெல் வந்திருந்தால் விளிம்பு பலப்பட்டிருக்கும். நடுவிலிருந்த ஓட்டை அப்படியேதான் இருந்திருக்கும்.

ஆகவே குறை சொல்ல வேண்டிய இடம் ஐந்தாவது தேர்வு அல்ல, இரண்டாவது சுற்று. அங்கே பெங்கால்ஸ் 38 ஆம் இடத்தை நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்துக் கீழிறங்கி, 46 ஆம் இடத்தில் கிளெம்சனின் ஜாக்சன் கார்மனை எடுத்தது. கல்லூரியில் டேக்கிளாக ஆடிய அவரை கார்டாக மாற்றலாம் என்பது திட்டம். சூப்பர் பவுலில் அவர் தொடக்க ஐவரில்கூட இல்லை. 63 ஆம் இடம் வரை காத்திருந்த, முன்வரிசையின் நட்டநடுவில் நிற்கும் சென்டரான கிரீட் ஹம்ஃப்ரியைக் கான்சஸ் சிட்டி எடுத்துக்கொண்டது. சேஸா சூவெலா என்று தொண்டை வறள வாதாடியவர்கள், கார்மனா ஹம்ஃப்ரியா என்று அதில் பாதியாவது வாதாடியிருக்கலாம்.

ஏழாவதாக டெட்ராய்ட் எடுத்த சூவெல் எந்த வகையிலும் ஏமாற்றவில்லை. வலப்பக்க டேக்கிளாக 2023 இல் ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல் புரோ அணியில் முதல்நிலையில் இடம்பெற்று, அடுத்த ஆண்டு நான்கு ஆண்டுகளுக்கு 112 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்றார். 2024 இல் பிடிப்பு, யார்டு, டச் டவுன் மூன்றிலும் லீகில் முதலிடம் பிடித்த சேஸுக்கு 2025 இல் கிடைத்தது நான்கு ஆண்டுகளுக்கு 161 மில்லியன். புதுமுகச் சம்பளம் ஆட்ட இடத்தைப் பொறுத்ததல்ல, தேர்வு வரிசையைப் பொறுத்தது என்பதால், சந்தையில் அதிக விலை போகும் ஆளை ஆரம்பத்திலேயே பிடித்துக்கொள்வதில் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின்படியும் நான் சேஸ் பக்கமே நிற்பேன்.

2022 மார்ச்சில் அணி கார்டு அலெக்ஸ் காப்பாவையும் சென்டர் டெட் கேரஸையும் டேக்கிள் லாயல் காலின்ஸையும் விலைக்கு எடுத்தது. 2023 ஜனவரியில் கான்சஸ் சிட்டியுடன், சூப்பர் பவுலுக்கு முந்தைய மாநாட்டு இறுதியாட்டம் ஆடியபோது, காப்பா, காலின்ஸ், ஜோனா வில்லியம்ஸ் மூவரும் காயத்தால் இல்லை. இடப்பக்க டேக்கிளாக நின்றவர் கார்மன். ஆட்டம் 23-20 என்று கைநழுவியது. இரண்டு மாதம் கழித்து, அந்தக் கான்சஸ் சிட்டியின் இடப்பக்க டேக்கிளான ஆர்லாண்டோ பிரவுனையே பெங்கால்ஸ் 64 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் அழைத்து வந்தது.