எம்.எஸ். நோயாளிகளுக்குத் 'தனிப் பயிற்சி' என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. வலது காலில் பலம் குறைவு. நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தரையில் தட்டும். 'எம்.எஸ். நோயாளிகளுக்கென்றே தனிப் பயிற்சி, மூன்றே மாதத்தில் நரம்பு புதுப்பிக்கப்படும்' என்ற பேச்சை நம்பி ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். மூன்று மாதக் கட்டணத்தையும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். நரம்பியல் மருத்துவரின் அறிக்கையை நீட்டினேன். பயிற்சியாளர் உறையைப் பிரிக்காமலேயே மேசையில் போட்டார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள், ஜன்னல்களை அடைத்துச் சூடேற்றிய அறையில் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார். வியர்த்தால் நச்சு வெளியேறுமாம். இருபது நிமிடத்துக்குள் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தின் முட்கள் கலங்கிப்போயின. வலது ஷூவின் முனை பட்டையில் உரசும் சத்தம் எனக்கே கேட்டது. நிறுத்தச் சொன்னேன். "நரம்பு விழித்துக்கொள்கிறது, இப்போது நிறுத்தினால் எல்லாம் வீண்" என்று வேகத்தைக் கூட்டினார். கால் மடங்கி விழுந்தேன். கைப்பிடியைப் பற்றியிருந்ததால் முட்டிச் சிராய்ப்போடு போயிற்று.

அவர் சொன்னது பச்சைப் பொய். இந்த நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்திருக்கிறது. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சிலருக்கு அந்த நரம்பில் செய்தி கடக்காது. உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உத்தோஃப் 1890-லேயே எழுதிவைத்திருக்கிறார். உடல் குளிர்ந்ததும் பொதுவாகச் சரியாகிவிடும். எனக்கும் ஒரு மணி நேரத்தில் தெளிந்தது. ஆனால் ஓடும் பட்டையின் மேல் கண்ணும் காலும் ஒருசேரக் கைவிட்டால் எலும்பு முறியும். புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

இதைவிடக் கொடுமை, இந்நோய்க்காக நான் போட்டுக்கொள்ளும் ஊசியை அந்தப் பயிற்சியாளர் நிறுத்தச் சொன்னது. நல்லவேளை, நிறுத்தவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்புறத்துப் பொடி எழுத்தைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. அதன் பிறகு எட்டு மாதம் பயந்துபோய் உடம்பை அசைக்காமலே இருந்துவிட்டேன். இருந்த பலமும் குறைந்தது. முற்காலத்தில் மருத்துவர்களே இந்நோயாளிகளை ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள். 15 வாரப் பயிற்சியில் உடல்திறன் கூடியதை 1996-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இன்று பயிற்சி வேண்டும் என்றே மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

இப்போது ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போகிறேன். முதல் நாள் அவர் எந்தக் கருவியையும் தொடவிடவில்லை. நடக்கச் சொல்லிப் பார்த்தார், சுவரோரம் ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்தார், எந்த வேளையில் அசதி அதிகம் என்று கேட்டார். காலையில் மின்விசிறிக்கு அடியில், கழுத்தில் ஈரத் துண்டோடு பத்து நிமிடம் சைக்கிள், பிறகு ஓய்வு, பிறகு உட்கார்ந்தபடியே கால்களுக்கான பயிற்சி.

எங்கே சேர்வதானாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "நடுவில் என் பார்வை மங்கினால் என்ன செய்வீர்கள்?" 'நிறுத்தி, உட்காரவைத்து, உடம்பைக் குளிரவைப்போம்' என்ற பதில் உடனே வர வேண்டும். வந்தாலும், கட்டணத்தை மாதாமாதம் மட்டுமே கட்டுங்கள்.