டைமிங் செயின் மாற்றப் போய் 1,18,500 ரூபாயை இழந்த கதை: டர்போ கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலை என் கார் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்கள். காற்றை உள்ளே விடும் எட்டு இன்டேக் வால்வுகளில் ஆறு வளைந்திருந்தன. இப்படி ஒன்று நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருபத்து மூன்று நாள்களுக்கு முன்னால் 1,18,500 ரூபாய் கொடுத்து டைமிங் செயினை மாற்றினேன். கோபம் ஆறிவிட்டால் எழுதமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும் என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2012ஆம் ஆண்டு ஸ்கோடா லாரா, 1.8 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல். பழைய வண்டியாக வாங்கி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டியிருந்தேன். இரண்டு மாதமாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது இரண்டு மூன்று நொடி 'கறகற'வென்று ஓர் ஓசை எழுந்து, பிறகு தானே அடங்கிவிடும். பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒத்து ஓடவைப்பது டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இன்ஜின் நின்று அழுத்தம் இறங்கியபின் அதன் தண்டு பின்வாங்காமல் இருக்க உள்ளே பற்களும் ஒரு கொக்கியும் உண்டு. முதலில் வந்த டென்ஷனர்களில் அந்தக் கொக்கி சில நேரம் விட்டுக்கொடுத்துவிடும். அப்போது செயின் தொய்ந்து சக்கரத்தின் பல் தாண்டும். மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்திருக்கும். மேலேறி வரும் பிஸ்டன் அதில் போய் முட்டும். பின்னாளில் தயாரிப்பாளர்களே டென்ஷனரின் அமைப்பை மாற்றிவிட்டார்கள். ஆகவே இந்த இன்ஜினைப் பொறுத்தவரை உறுதியான செயின் போடுவது என்றால் அதில் பாதிக்கு மேல் டென்ஷனரை மாற்றுவதுதான். இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே ஏமாந்தேன் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நான் போனது நான்குவழிச் சாலையோரம் இருக்கும், கார்களின் வேகத்தைக் கூட்டித் தரும் ஒரு பட்டறை. பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். உரிமையாளருக்கு முப்பது வயதிருக்கும். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய தேய்ந்த செயின் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தார். அது முருங்கைக்காய் போல வளைந்து தொங்கியது. எண்ணெய்த்தாள் சுற்றிய புதுச் செயினை அதேபோல நீட்டிப் பிடித்தார். அது விறைப்பாக நின்றது. கண்ணிகளில் இருந்த முத்திரையை என் விரலாலேயே தடவிப் பார்க்கச் சொன்னார். பெட்டிக்குள் புது வகை டென்ஷனர், செயின் விலகாமல் தாங்கும் வெளிர் நிறக் கைடுகள், புது கிராங்க் போல்ட் எல்லாம் இருந்தன. அப்புறம் அவரே சொன்னார்: "டென்ஷனர மாத்தாம செயின மட்டும் மாத்துதவன நம்பவே நம்பாதீய அண்ணாச்சி. வண்டி ஒருநாள் நடுரோட்டுல நின்னுரும்." அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். நான் கேட்க வைத்திருந்த கேள்வியை அவரே கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டதால், எனக்குக் கேட்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

அந்தப் பெட்டிச் சாமான்களுக்கு 58,500, கேஸ்கெட், சீல், ஆயில் வகைக்கு 18,000, வேலைக்கூலி 42,000, ஆக மொத்தம் 1,18,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம். முழுவதையும் முன்கூட்டியே கேட்டார்கள். கடையின் கணக்குக்கு அல்லாமல் அவருடைய மச்சினர் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ஜிஎஸ்டி பில் போட்டால் உங்களுக்குத்தான் கூடுதல் செலவு என்றார்கள். மூன்றுக்கும் தலையாட்டினேன். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கவா என்று கேட்டதற்கு, "சட்டையெல்லாம் ஆயிலாயிரும், நீங்க சாயங்காலமா வாங்க அண்ணாச்சி" என்று அனுப்பிவைத்தார். சாயங்காலம் போனபோது வண்டி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய சாமான்களைக் கேட்டேன், இரும்புக்கடைக்குப் போய்விட்டதாம். அன்றைக்கே போனது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் நாங்குநேரி சுங்கச்சாவடி அருகே இன்ஜின் விளக்கு எரிந்தது. நேராகப் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். ஸ்கேனரில் பி0016 என்று வந்தது. கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். செயின் வேலை முடிந்த ஒன்பதாம் நாளில் இப்படி வந்தால் செயின் கவரைத் திறந்து பார்ப்பதுதான் முறை. அங்கிருந்த பையன் இரண்டே நிமிடத்தில் அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு, "சென்சார் கோளாறுதான்" என்று அனுப்பிவிட்டான். பதினேழாம் நாள் பழைய 'கறகற' ஓசை திரும்பி வந்தது. அதைக் கைப்பேசியில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன, பதில் வரவில்லை. கூப்பிட்டால் முதலாளி கோயம்புத்தூர் போயிருக்கிறார், மறுநாள் கூப்பிட்டால் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். இருபதாம் நாள் காலை பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலிலேயே, சாவியைத் திருப்பியதும் 'கடகட'வென்று ஓர் ஓசை. இன்ஜின் அத்தோடு நின்றது. புதுச் செயின் போட்ட பிறகு வண்டி ஓடியது வெறும் 611 கிலோமீட்டர்.

பேட்டையில் எனக்குப் பழக்கமான மூத்த மெக்கானிக் ஒருவரிடம் இழுத்துப் போனோம். அவர் எதையும் கழற்றுவதற்கு முன்னால், கீழ்க் கவரில் உள்ள சிறிய ரப்பர் அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, டார்ச்சையும் குச்சியில் கட்டிய வட்டக் கண்ணாடியையும் வைத்து உள்ளே பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டி, "நீங்களே பாருங்க" என்றார். உள்ளே இருந்தது பழைய வகை டென்ஷனர். கவரைத் திறந்தபின் மீதியும் தெரிந்தது: கைடுகள் டிகாஷன் நிறத்தில் பழுத்திருந்தன, செயினில் முத்திரையே இல்லை. இறுகும்போதே இழுபடும் கிராங்க் போல்ட்டை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. அதையும் மாற்றவில்லை, தலையில் சாவி வழுக்கிய தழும்போடு அதே பழைய போல்ட்டை இறுக்கியிருந்தார்கள். எனக்குத் திறந்து காட்டிய பெட்டி வேறு, என் வண்டிக்குள் போன சாமான் வேறு. அந்தப் பெட்டியை இன்னும் எத்தனை பேருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்களோ!

படங்களை அனுப்பியபிறகுதான் உரிமையாளர் போனை எடுத்தார். "நீங்க ரேஸ் ஓட்டியிருப்பீய", "கவர வேற ஆளு தொறந்தப்புறம் நாங்க என்ன செய்ய முடியும்", "வாரண்டின்னு எங்கயாவது எழுதியிருக்கா?" ஒரு லட்சம் கிலோமீட்டருக்குக் கவலை வேண்டாம் என்று சொன்ன அதே வாய். 1,18,500 ரூபாயில் பாதியையாவது திருப்பித் தாருங்கள் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். 1,18,500 ரூபாயும் போய், ஹெட் வேலைக்கான செலவு இனிமேல்தான் வரப்போகிறது.

பத்துக் குறிப்புகளாக விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது ஓடுவது இவ்வளவுதான். கவர் மூடும்வரை பக்கத்தில் நில்லுங்கள், சட்டை அழுக்கானால் ஆகட்டும். டென்ஷனரையும் போல்ட்டையும் பொருத்தியபின் படம் எடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய சாமானை வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள். மச்சினர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. என் மனு திங்கட்கிழமை திருநெல்வேலி ஆணையத்துக்குப் போகிறது.

பேட்டையிலிருந்து போன் வருகிறது, பிஸ்டன் தலைகளிலும் வடு இருக்கிறதாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.