சொற்பயிற்சியா, உரையாடல் பயிற்சியா, படப்புத்தகமா: படிப்படியான மொழியிழப்பில் எதை முதலில் தொடங்குவது?

பக்கவாதத்தால் பேச்சை இழந்தவர் இழந்ததை மீட்பதற்காகப் பயில்கிறார். பிரைமரி புரோகிரசிவ் அஃபேசியா (மூளை நோயால் மொழித்திறன் படிப்படியாகத் தேய்ந்துபோகும் நிலை) உள்ளவரோ இன்னும் மிஞ்சியிருக்கும் மொழியை இயன்றவரை நீட்டித்துக்கொள்வதற்காகப் பயில்கிறார். ஆகவே முன்னவருக்குப் போடும் திட்டத்தை அப்படியே பின்னவருக்குப் போட முடியாது. 1982 இல் மார்செல் மெசுலம் என்ற நரம்பியல் மருத்துவர் இந்நோயைத் தனித்து விவரித்தார். 2011 இல் மூன்று வகைகளாக அதனை வரையறுத்தார்கள். பெரும்பாலும் அறுபத்தைந்து வயதுக்கு முன்பே தொடங்கும் இந்த நோயை நமது கிழக்கிலங்கைக் குடும்பங்கள் பல "வயசு போனா அப்படித்தான்" என்று விட்டுவிடுவதால், பயன் தரக்கூடிய காலம் வீணாகிறது.

முதலில் சொற்பயிற்சி. படத்தைக் காட்டிப் பெயரையும் பொருளையும் நாள்தோறும் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் முறை இது. சொல் எதைக் குறிக்கிறது என்ற பொருளறிவே தேய்ந்துபோகும் நோய்வகையில், பயின்ற சொற்கள் மீண்டும் நாவுக்கு வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் பயிலாத சொற்களுக்கு அந்தப் பலன் போவதில்லை, பயிற்சியை நிறுத்தினால் பெற்றதும் மெல்ல நழுவும். எனவே எந்தச் சொற்களைத் தெரிவு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் வாங்கும் அட்டைகளில் பனிமனிதனும் ஸ்ட்ரோபெரியும் இருக்கும். ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ வாழும் ஒரு தாய்க்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அவருடைய குசினியில் உள்ள சுளகு, அகப்பை, தேங்காய் திருவலை, அவர் போடும் மாத்திரைப் பெட்டி, பேரப்பிள்ளைகளின் முகங்கள் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, முப்பது நாற்பது சொற்களோடு தொடங்குவதே பொருத்தம். அந்த வீட்டுச் சுளகையே படம் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: இந்த வகை நோயாளர் தாம் பயின்ற பொருளை அடையாளம் கண்டாலும், வேறு வடிவிலுள்ள அதே பொருளைக் கண்டு தடுமாறலாம்.

சொல் நினைவுக்கு வந்தும் வாய் ஒத்துழைக்காத, இலக்கணம் உடையும் வகைக்கு வேறொரு முறை பொருந்தும். நோயாளர் தமக்கு வேண்டிய சில வசனங்களைத் தெரிவுசெய்து, அவற்றைப் பேசும் ஒருவரின் காணொளியைப் பார்த்தபடி அவரோடு சேர்ந்து சொல்லிப் பழகுகிறார். பேச்சு சிகிச்சை ஆய்வாளர் மாயா ஹென்றியும் சகாக்களும் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பழகிய வசனங்கள் ஓராண்டு வரை நிலைத்திருந்தன. தொலைபேசியில் ஒருவரை விசாரிப்பது, பஸ்ஸில் இறங்குமிடம் சொல்வது போன்றவற்றுக்கு இது உண்மையிலேயே உதவும். எனினும் பயின்ற வசனத்துக்கு வெளியே உரையாடல் போனால் கைகொடுக்காது.

உரையாடல் பயிற்சியோ நோயாளரைவிட வீட்டாரையே மாற்றப் பார்க்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் உருவான முறையில், வீட்டில் இருவரும் பேசிக்கொள்வதைக் காணொளியாக எடுத்து, சிகிச்சையாளரோடு இருந்து பார்த்து, எது பேச்சை வளர்த்தது, எது முறித்தது என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். நம் வீடுகளில் முறிப்பது எதுவென்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தேநீர்க் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "உம்மா, இது என்ன? சொல்லுங்க பாப்பம்" என்று மகள் கேட்கிறாள், விடை அவளுக்குத் தெரியும், தாய்க்கும் அது சோதனை என்று தெரியும், தாய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதற்குப் பதிலாக இரண்டையும் காட்டி, "தேத்தண்ணியா, பாலா?" என்று கேட்டுவிட்டுப் பத்து வினாடி பொறுத்தால் பேச்சு நடக்கிறது. வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வரும் குடும்பத்துக்கு, சில அமர்வுகளிலேயே கற்றுக்கொள்ளக்கூடிய இதைத்தான் பயிற்சிகளுள் நான் முதலில் பரிந்துரைப்பேன். இடைப்பட்ட அமர்வுகளை வீடியோ அழைப்பில் நடத்துவதும் ஏற்கத்தக்கதே.

பேச்சுக்குப் பதிலாகச் சுட்டிக்காட்டுவதற்கான படங்கள் கொண்ட படப்புத்தகத்தைக் கடைசி வழியாக நினைப்பவர்கள் அதிகம். பேச்சு நின்ற பிறகு கொடுத்தால் அதைப் பயன்படுத்தக் கற்கும் திறனும் குறைந்திருக்கும்; தமக்கு வேண்டிய படம் எதுவென்று நோயாளர் தாமே சொல்லக்கூடிய காலத்தில் தொடங்கவேண்டும். பொருளறிவு தேயும் வகையில் படத்தின் பொருளும் மங்கும் என்பதால், அவர்களுக்குப் புத்தகத்தைவிட உண்மைப் பொருளைக் காட்டுவதும் சைகையும் மேல். பேச முடியாவிட்டாலும் எழுத முடிகிறவருக்கு, தட்டெழுதியதைத் தமிழில் வாசிக்கும் கைத்தொலைபேசிச் செயலி கூடுதலாக உதவும்.

மொத்தத்தில் என் வரிசை இதுதான்: பின்னால் செய்யவே முடியாததான, நோயாளரின் சொந்தக் குரலை ஒலிப்பதிவு செய்துவைப்பது முதலில், தொழுகை அழைப்போ பிள்ளைகளைக் கூப்பிடும் விதமோ எதுவாயினும்; அதோடு வீட்டாருக்கு உரையாடல் பயிற்சி; பிறகு நோயின் வகை பார்த்துச் சொல்லோ வசனமோ; படப்புத்தகம் இவற்றோடு கூடவே வளரட்டும். சொற்பயிற்சியை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, சொற்கள் நழுவும்போது நோயாளர் முயலவில்லை என்று குறைசொல்லும் போக்கை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

நோய் முற்றும்போது சிலருக்கு விழுங்குவதிலும் சிரமம் வரும், அதையும் பேச்சு சிகிச்சையாளரே கவனிக்கிறார். தண்ணீர் குடிக்கையில் இருமலோ சாப்பிட்டபின் தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் ஈரமாகக் கேட்பதோ தொடங்கினால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.