கதவு றப்பருக்கு 38,500 ரூபா: பழைய லொறி வைத்திருப்பவர்கள் ஒருக்கால் வாசியுங்கோ

"பில் இருக்கே அண்ணை?"

இன்று காலை அந்தக் கடைக்காரர் என்னிடம் கேட்டது இதைத்தான். பில் இல்லை. 38,500 ரூபா எண்ணிக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்காமல் வந்தவன் நான். ஏசுகிறவர்கள் ஏசுங்கோ, ஆனால் முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கோ.

என்னுடையது தொண்ணூறுகளில் வந்த கன்ரர் லொறி. தம்புள்ளையில் மரக்கறி ஏற்றிக் கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டு வருகிறேன். சோளகக் காற்று தொடங்கினால் ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி வரும்போது கதவுக்குள்ளால் யாரோ விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். ஐம்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருக்கிற பெடியன் கத்தினாலும் கேட்காது. முன்னால் டிப்பர் போனால் அதன் புழுதி பல்லுக்குள் நறநறக்கும்.

வவுனியாப் பக்கம் உதிரிப்பாகமும் விற்று, பூட்டியும் கொடுக்கிற ஒரு கடைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பழைய றப்பரை ஒரு அங்குலம் பிய்த்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் காட்டினார். அப்படியே கறுப்புத் தூளாக உதிர்ந்தது. "அண்ணை, இது செத்துக் கனகாலம்." பொய் இல்லை, செத்துத்தான் இருந்தது. அந்த ஒரு உண்மையைக் காட்டித்தான் மிச்சம் எல்லாவற்றையும் நம்ப வைத்தார். பிளேன்ரீ வந்தது. தன் அப்பாவும் லொறி ஓடினவராம். "ஜப்பான் ஒறிஜினல், ரெண்டு கதவுக்கும் பூட்டுக்கூலியோடை 38,500. உங்களிட்டை லாபம் வைக்க ஏலுமே?" அந்தக் கடைசி வசனத்தில்தான் விழுந்தேன். காற்று எந்த இடத்தால் வருகிறது என்று அவர் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பூட்டி முடித்தபின் கதவை மூன்று தரம் அடித்தால்தான் சாத்தும். "புதுசு அண்ணை, அடிச்சுச் சாத்துங்கோ, ரெண்டு கிழமையிலை படியும்." அன்றிரவே அதே விசில். மூன்றாம் நாள் வெயிலுக்குப் பசை இளகி, மேல் மூலையில் இருந்து றப்பர் கழன்று என் காதடியில் தொங்கியது. இழுத்துப் பார்த்தால் அமுங்கி இடுக்கை அடைக்கிற குழாய் இல்லை, விளிம்பைக் கவ்விப் பிடிக்க உள்ளே இரும்பு இல்லை, வீட்டு யன்னலுக்கு ஒட்டுகிற வெறும் பஞ்சு றப்பர். இதற்கா 38,500!

அப்புறம் தொடங்கியது அலைச்சல். முதல் தரம் "பாஸ் ஊருக்குப் போட்டார்". அடுத்த தரம் "கொழும்பிலை சொல்லியிருக்கிறம், வரும்". பிறகு போனை எடுக்கவே இல்லை. நேரில் போனால் "நீங்கள் அடிச்சுச் சாத்தினபடியால்தான் கழண்டது". அடிக்கச் சொன்னதே அவர்தான்! இன்றைக்கு, பில்.

காற்று வந்த இடத்தைக் கடைசியில் நானே கண்டுபிடித்தேன். மாஸ்கிங் ரேப் இரண்டு சுருள் வாங்கி, கதவு இடுக்கு, கண்ணாடி விளிம்பு, சைட் கண்ணாடியின் அடி எல்லாம் ஒட்டிவிட்டு ஓடினேன். விசில் இல்லை. ஒவ்வொரு இடமாகப் பிரித்துப் பிரித்து ஓட, சாரதிக் கதவின் பின்பக்க மேல் மூலையைப் பிரித்த உடனே திரும்ப ஊதியது. அந்த இடத்தில் ஒரு 20 ரூபாய்த் தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வருகிறது. கீழே வைத்து இழுத்தால் கிழிகிற அளவுக்கு இறுக்கம். கதவு தொங்குகிறது! திறந்து நுனியைத் தூக்கிப் பார்த்தேன், அரை விரல் ஆடியது. கதவைத் தாங்குகிற பிணைச்சலின் ஊசி தேய்ந்திருக்கிறது. லேத்தில் ஊசியும் புஷ்ஷும் கடைந்து போட 3,500. கழித்த வாகனம் உடைக்கிற யாட்டில் குழாய் வைத்த றப்பர் ஒன்று எடுத்தேன். இப்போது பெடியனின் அலட்டல் எல்லாம் தெளிவாகக் கேட்கிறது, அது வேறு தலையிடி.

விபரமாக எழுதத்தான் நினைத்தேன், நேரமில்லை. ஓட்டை எது என்று காட்டாதவனுக்குக் காசு கொடுக்காதேங்கோ. பழைய றப்பரில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய், வெட்டுமுகம் பொருந்துதா என்று பார்த்து வாங்குங்கோ. பில் வாங்குங்கோ, பில்! கன்ரர் போல சீற்றுக்குக் கீழே எஞ்சின் உள்ள வாகனத்தில் உள்ளே புகை மணந்தால் அதைக் காற்றுச் சத்தத்தோடு சேர்த்துப் பார்க்காதேங்கோ. எஞ்சின் மூடியின் றப்பர், கியர்த் தடியின் உறை, புகைக்குழாய் மூன்றையும் உடனே பார்ப்பியுங்கோ. அந்தப் புகையில் வருகிற கார்பன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயக்கிவிடும்.

இரவைக்குத் தம்புள்ளைக்கு வெளிக்கிட வேண்டும். டீசலுக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கியிருக்கிறேன். அந்த 38,500 கையில் இருந்திருந்தால் அவரிடம் போய் நின்றிருக்கத் தேவையில்லை.