200 எம்பிபிஎஸ் இணைப்பு: மூன்று வருடமும் நாலு கம்பியும்

"உன் வீட்டு ஃபைபர் இன்டர்நெட் எப்படிடா, நானும் போடலாமா?" என்று நண்பன் கேட்டான். போன வாரம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்லியிருப்பேன். கேட்டது இந்த வாரம்.

குறை சொல்ல அதிகமில்லை. மூன்று வருடத்தில் ஒரே ஒருமுறை, அதுவும் நல்ல மழையில், ஒன்றரை நாள் படுத்தது. பில்லில் தகராறு வந்ததில்லை. முதலில் 100, போன வருடம் 200க்கு மாறினேன். ஹாலில் ரூட்டர் பக்கத்தில் நின்று போனில் சோதித்தால் 190 காட்டும். வேறென்ன வேண்டும்?

என் எரிச்சலெல்லாம் வினாடிக்கு எவ்வளவு என்று வேகத்தைச் சொல்லும் அந்த 'எம்பிபிஎஸ்' மேல்தான். ஆங்கிலத்தில் சின்ன பி என்றால் பிட், பெரிய பி என்றால் பைட். 8 பிட் சேர்ந்தது 1 பைட். தமிழில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து ஏது? மெகாபிட்டும் எம்பிபிஎஸ்தான், மெகாபைட்டும் எம்பிபிஎஸ்தான், டாக்டர் படிப்பும் எம்பிபிஎஸ்தான். நோட்டீஸில் வெறுமனே '200 எம்பி வேகம்' என்று வேறு போடுகிறார்கள். 1956ல் ஐபிஎம்மில் வெர்னர் புக்ஹோல்ட்ஸ் 'பைட்' என்று பெயர் வைத்தபோது, 'bite' என்றே எழுதினால் ஓரெழுத்து விட்டுப்போய் 'பிட்' (bit) ஆகிவிடுமே என்று பயந்துதான் 'ஐ'க்குப் பதில் 'ஒய்' போட்டார். அவ்வளவு பார்த்துச் செய்தும், சுருக்கி எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன.

கம்பெனிக்காரன் விற்பது மெகாபிட். டவுன்லோடு பெட்டி காட்டுவது மெகாபைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5, வழிச்செலவு போக 11 சொச்சம் வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினையாகிவிட்டது.

மாடியில் மகனின் கம்ப்யூட்டருக்குக் கேபிள் போகிறது. 40 ஜிபி விளையாட்டு ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தவன், "அப்பா, 200 கட்டறோம், 11 தான் வருது" என்றான். உட்காரவைத்துப் பிட், பைட், எட்டால் வகுத்தல் என்று பாடம் எடுத்தேன். எல்லாம் சொன்னேன், 200ஐ மட்டும் எட்டால் வகுத்துப் பார்க்கவில்லை. 25 வரவேண்டிய இடத்தில் 11 வந்துகொண்டிருந்தது, ஒரு வருடமாக.

போன வாரம் எலி கடித்ததால் கேபிளை மாற்ற ஆள் வந்தார். பழைய கனெக்டரை வெட்டிக் காட்டினார். உள்ளே எட்டுக் கம்பி இருக்கவேண்டும். ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் பின்னில் ஏறியிருந்தன. நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே கத்தரித்து விடப்பட்டிருந்தன. நாலு கம்பியில் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது, அதற்கு அடுத்த படியான ஜிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) எட்டும் வேண்டும். "யார் சார் இப்படிக் கிரிம்ப் பண்ணது?" என்று அவர் கேட்டார். இணைப்புக் கொடுத்தபோது வந்த அவர் கம்பெனி ஆள்தான்.

நியாயமாகப் பார்த்தால், அன்றைக்கு நான் வாங்கியது 100. அதற்கு நாலு கம்பி போதும். 200க்கு மாற்றியபோது, கேபிள் தாங்குமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பணத்தை மட்டும் மாதாமாதம் ஒழுங்காக வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது 23 வருகிறது. ஒரு மணி நேரம் இழுத்த அதே 40 ஜிபி அரை மணிக்குள் இறங்கிவிடுகிறது. அருமையாக இருக்கிறது, மறுக்கவில்லை.

நண்பனிடம், "போடு, ஆனா 50 போதும்" என்றேன். நானும் அடுத்த மாதம் 100க்கே இறங்கப்போகிறேன். ஒரு வருடம் 100ல்தானே ஓட்டினோம், யாருக்கு என்ன குறைந்துபோயிற்று? "இப்பதானேப்பா சரியாச்சு!" என்று மாடியிலிருந்து மகன் கத்திக்கொண்டிருக்கிறான்.