அம்மாபேட்டை ஜக்கார்டு டிசைன் கடை: பழைய சேலை பார்டர் எடுக்கணும்னா நம்பிப் போலாம்

அம்மாபேட்டையில ஒரு மாடியில சேலை டிசைன் போட்டு ஜக்கார்டு அட்டை (தறியில எந்த நூல் மேல தூக்கணும்னு ஓட்டையால சொல்ற அட்டை) அடிச்சுத் தர்ற சின்னக் கடை இருக்கு, எங்க பாட்டி கல்யாணச் சேலை பார்டர அப்படியே நம்ம தறியில ஓட்டணும்னு அங்க கொடுத்தேன். வேலை அருமைங்க.

மத்த எடத்துல போட்டோவ வச்சு கண்ணாலயே கட்டம் கட்டமா வரைவாங்க. இங்க இருக்கற தம்பி முதல்ல தேடுனதே ரிப்பீட், அதாவது திரும்பத் திரும்ப வர்ற ஒரு முழு டிசைன் துண்டு, எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னுதான். ஸ்கேன் பண்ண படத்த அதே படத்து மேல வச்சு சாஃப்ட்வேர் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திட்டே போகுது, எந்த தூரத்துல ரெண்டும் நல்லா பொருந்துதோ அதான் ரிப்பீட் நீளம். துணி அங்கங்க இழுத்துப் போயிருந்தும் கரெக்டா பிடிச்சிருச்சு.

நம்மளுது கொடி பார்டர், மேல ஒரு இலை, பாதி ரிப்பீட் தள்ளி அதே இலை கீழ் பக்கம் திரும்பி வரும், அதனால பாதி வரைஞ்சா போதும் மீதிய கம்ப்யூட்டரே போட்டுரும்னு காட்டுனாப்ல. நீளவாக்குல திரும்பத் திரும்ப வர்ற எந்த பார்டரா இருந்தாலும் சமச்சீர் கணக்குல மொத்தமே 7 வகைதானாம், ரெண்டு பக்கமும் பரவுற உடல் டிசைன்னா 17, இந்த 17 கணக்கு ரஷ்யாவுல ஃபெடரோவ்ங்கறவர் 1891லயே நிரூபிச்சது. இத்தன வருசமா தறி ஓட்டுறோம், இது தெரியாம இருந்திருக்கோமேன்னு இருந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஓரத்துல வர்ற முக்கோண கோபுர டிசைன்ல பார்த்த நுணுக்கம். பாதி கோபுரத்துக்கு அட்டை அடிச்சு மீதிக்கு அதே வரிசைய திருப்பிப் போடறப்ப உச்சி அட்டை ரெண்டு தடவை வந்துரும், நுனி கூர்மை போய் மழுங்கலா தெரியும். அந்த ஒரு அட்டைய எடுத்துட்டுத்தான் அடிச்சாங்க. அட்டையில ஓட்டை இருந்தா கொக்கி நூலத் தூக்கும் இல்லைன்னா தூக்காது, நடுவுல சமாளிக்கறதுக்கு எதுவும் இல்ல, ஒரு அட்டை தப்புன்னா ஒவ்வொரு ரிப்பீட்லயும் அதே தப்பு விழும். அடிக்கறதுக்கு முன்னாடியே பின்பக்கம் ஊடை (குறுக்கு நூல்) பின்னாம ரொம்ப நீளமா மிதக்கற எடத்தயும் சிவப்புல காட்டி சரி பண்ணிடறாங்க, இல்லைன்னா கொலுசு மாட்டியே சேலை போயிரும்.

கலர் சொல்றதுல அவ்வளவா கைதேர்ந்தவங்க இல்ல, அத நீங்களே முடிவு பண்ணிட்டுப் போங்க. முகூர்த்த சீசன்ல காத்திருக்கணும். ஃபைல பென்டிரைவ்ல கேட்டு வாங்கிக்கோங்க, கேட்டாத்தான் தர்றாங்க.